பிந்தி வந்தவரின் பலகை

பூட்டு இல்லை. ஒரு மரக்கொக்கி,
அதுவும் காற்றுக்காக.
பதினேழு கிலோமீட்டர் பனியில் சறுக்கி
மதியம் இரண்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
ஜன்னலோரம் தீப்பெட்டி பாதி திறந்து கிடந்தது,
மூன்று குச்சிகள் தலையை வெளியே நீட்டியபடி.

விரல் மரத்துப்போனவருக்கு
பெட்டியைத் திறப்பதே இன்னொரு மலை.
தெரிந்த யாரோ
கிளம்பும்போது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அடுப்புக்குள் சிராய், பிர்ச் மரப்பட்டை,
மேலே பிளந்த கட்டை இரண்டு.
எனக்கு மிச்சம் வைத்த வேலை
உரசுவது.

லாப்லாந்தின் இந்த மொட்டைக் குன்றுகளில்
காவலாள் இல்லாத, வாடகை கேட்காத குடில்கள்.
பந்திக்கு முந்துகிறவர்கள் கவனிக்க:
இங்கே கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை.
முந்தி வந்து, உலர்ந்து, உண்டு, உறங்கியவர்
எழுந்து இடம் விட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி,
அடுத்தவருக்குப் பொருந்தும்வரை.

அடுப்போரப் பலகையில் என் உறக்கப்பை,
கயிறு நெடுக என் காலுறைகள்,
மேசையில் வரைபடம், வெண்ணெய், கம்பு ரொட்டி.
ஒற்றை ஆள்,
ஒரு குடும்பத்தின் பரப்பில்.

நாலு மணிக்கு ஓயிவாவும் தபானியும்.
இருட்டியபின் ரோவனியெமி மாணவர் மூவர்.
அதில் ஒருவன் வருகைப் புத்தகத்தைப் புரட்டி,
"எந்தப் பாவியோ
ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கிறான்" என்றான்.

நான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷம் முன்பு, ஒரு நவம்பர்.
எனக்கு முன்னால் தங்கியவர்கள்
கடைசிச் சிராய்வரை எரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
வெளியே விறகெல்லாம் பனிக்கட்டி.
கிழித்த பக்கத்தில் யார் கையெழுத்து என்று
நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் கொளுத்தியிருக்க முடியாது.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது.
முதலில் பனிப்புயல், பிறகு ஒரு நாய்,
பிறகு இரண்டு பெண்கள்.
ஒருத்திக்குக் கையுறை ஒன்று இல்லை.
விரல்கள் மெழுகுவத்தி நிறத்தில்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அத்தனை பேரும் பார்ப்பதுபோலவே இருந்தது.
கயிற்றிலிருந்து என் காலுறை சொட்டி
அடுப்பின் மேல் ஸ்ஸ் என்றது.

யார் முதலில் வந்தார்?
ஒன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்,
யாராவது தடுப்பார்கள் என்று
மிக மெதுவாக.
தபானி எழுந்து பூட்ஸ் மாட்டினான்.
"விறகுக் கொட்டகைக்குப் பின்னால்
காற்று குறைவு" என்றான்.
கூடாரக் கம்பியை மறுமுனையில் பிடித்துக்கொண்டான்.

மைனஸ் பதினாலு.
ஒரு மணிநேரம் கோபமாக இருந்தேன்.
கோபமும் சிராய் மாதிரிதான்,
சட்டென்று பற்றும், நிற்காது.
புகைபோக்கி வழியே வாசனை வந்தது.
என் விறகு, என்று நினைத்தேன்.
நான் பிளந்தது மூன்றே கட்டை.
அது எட்டு மணிக்கே சாம்பல்.
இப்போது எரிவது யார் பிளந்ததோ.

காலையில் அவள் காபி கொண்டுவந்தாள்,
இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.
சானெல்மா என்றாள்.
நன்றி என்று எதுவும் சொல்லவில்லை.
"சர்க்கரை இல்லை. நாய் தின்றுவிட்டது."

மாணவர்கள் சாம்பலை அள்ளினார்கள்,
யாரோ விட்டுப்போன சாசேஜ் உறைகளையும்
திட்டிக்கொண்டே பையில் அடைத்தார்கள்.
ஓயிவா சிராய் சீவினாள்.
நான் புத்தகத்தில் தேதி, பெயர்,
காற்றின் திசை எழுதினேன்.
கீழே சின்ன எழுத்தில்:
கிழிந்த பக்கம் நான்.

எல்லோரும் போனபின் தீப்பெட்டியைப் பாதி திறந்தேன்.
மூன்று தலைகளை வெளியே இழுத்துவைத்தேன்.
நாலாவதில் மருந்து உதிர்ந்திருந்தது.
யாரும் நம்பி உருவிவிடக் கூடாதென்று
அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.